ஏழாவது கேள்வி

ஜூலை 9, புதன்

காலையில் கேட்டில் கையெழுத்துப் போடும்போதே, சுயம்புலிங்கம் சார் என்னையும் ஜெனோவாவையும் உடனே வரச் சொன்னதாகச் செக்யூரிட்டி சொன்னார். மீனைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில் மேனேஜர் எட்டு மணிக்கே கூப்பிட்டால் அது நல்ல விஷயத்துக்காக இருக்காது.

ஜூன் மாதம் நாங்கள் அனுப்பிய கணவாய் மீனில் ஒரு பகுதி, ஐஸ் இளகியதும் நாறுகிறதாம். வாங்கியவர்கள் படத்தோடு மெயில் போட்டிருக்கிறார்கள். படத்தில் நாற்றம் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். பேக்கிங்கின்போது ஒரு பெட்டிக்குள் சின்னக் கருவி ஒன்றைப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சுற்றிலும் எவ்வளவு குளிர் என்று அதுவாகவே குறித்துக்கொண்டிருக்குமாம். போட்டது எங்களுக்கு மறந்தே போனது. அதற்கு எதுவும் மறக்கவில்லை. ஜூன் 11ஆம் தேதி மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் எங்கள் கோல்டு ரூம் மைனஸ் இருபதிலிருந்து மைனஸ் ஆறுக்கு வந்திருக்கிறது. கம்ப்ரெஸர் நின்றுபோய், பிறகு தானாக ஓடியிருக்கிறது.

அன்றைய ரிஜிஸ்டரில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று எல்லாக் கட்டத்திலும் மைனஸ் இருபது.

வெளிச்சுவரில் இருந்த டிஸ்ப்ளே மே மாதமே செத்துவிட்டது. அதிலிருந்து உள்ளே போய், கடைசி ரேக் வரை நடந்து மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். யாரோ போகாமலே எழுதியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு நாங்கள் இரண்டே பேர். கை ஒழிந்தவர் எழுதுவோம், சாயங்காலம் இரண்டு பேரும் அடியில் கையெழுத்துப் போடுவோம். மைனஸ் இருபது என்று எழுதுவதில் என்ன பெரிய கையெழுத்து வித்தியாசம் வந்துவிடப் போகிறது.

"ரெண்டு பேர்ல யாரும்மா?" என்று சார் கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார். நான் அன்னைக்கி கீழ லோடிங்ல நின்னேன்னு நெனைக்கேன்" என்றாள் ஜெனோவா.

எனக்கும் ஞாபகமில்லை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 11 அன்று நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதாத நாட்களும் உண்டுதான்.

ஜூலை 10, வியாழன்

மோட்டார் ரிப்பேர். அடிபம்பில் எட்டுக் குடம். காது பரவாயில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று பத்து மணி ரீடிங்குக்கு நான்தான் போக வேண்டும். குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். ஜெனோவா ஓடி வந்து கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"காதுல பஞ்ச வச்சிக்கிட்டு எங்கக்கா போறிய? பொறவு ராத்திரிக்கு அழவா? கழட்டுங்க, நான் போறேன்."

மே மாதத்திலிருந்து என் வலது காதில் சீழ். குளிர்க் காற்று பட்டால் மண்டைக்குள் ஆணி இறங்கும். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, குளிரில் போகாதீர்கள் என்றார். கோல்டு ரூமில் வேலை பார்க்கிறவளிடம் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அதிலிருந்து பாதி நாள் என் முறையையும் ஜெனோவாதான் போகிறாள். அவளாகத்தான் போகிறாள், நான் கேட்டதில்லை.

அவளைப் பற்றி இதில் நான் அதிகம் எழுதியதில்லை. என்னைவிட ஆறு வயது இளையவள். பிளஸ் டூ. வீட்டுக்காரர் போன வருஷம் போட்டில் வழுக்கி விழுந்து முதுகு போனதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. இவள் சம்பளத்தில்தான் ஐந்து பேர். வேலைக்கு அஞ்ச மாட்டாள். இங்கிலீஷுக்கு மட்டும் அஞ்சுவாள். மெயிலோ ஃபாரமோ வந்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவாள். நான் பி.எஸ்ஸி. கம்பெனியில் இங்கிலீஷ் என்றால் முத்துக்கனி மேடம் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

ஜூலை 12, சனி

வாங்கிய கம்பெனியிலிருந்து ஃபாரம் வந்தது. காகிதத்தில் இல்லை, கம்ப்யூட்டரில். தனித்தனியாக உட்கார்ந்து, இங்கிலீஷில், அவரவர் சொந்த வார்த்தையில் நிரப்ப வேண்டும். கடைசியில் பொத்தானை அழுத்தினால் நேராக அவர்களுக்குப் போய்விடும், மேனேஜர்கூடப் பார்க்க முடியாது. என்னை லேப் அறையிலும் ஜெனோவாவை அக்கவுண்ட்ஸ் அறையிலும் உட்கார வைத்தார்கள்.

பெயர், எத்தனை வருஷம், அன்று என்ன வேலை என்று ஆறு கேள்விகள். ஏழாவது: உடன் வேலை பார்த்தவர்மேல் உங்களுக்குச் சந்தேகம் உண்டா, விளக்கவும். சந்தேகத்துக்கு அவர்கள் போட்டிருந்த சொல் சஸ்பெக்ட். அது போலீஸ் ஸ்டேஷன் வார்த்தை.

நடுவில் கதவு தட்டுகிற சத்தம். ஜெனோவா தலையை மட்டும் நீட்டினாள்.

"யக்கா, சந்தேகம் இல்லங்கிறத இங்கிலீஷ்ல எப்பிடி எழுதணும்?"

"நோ டவுட்னு எழுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்டி."

சிரித்துக்கொண்டே போனாள். நானும் என் ஃபாரத்தை முடித்து அனுப்பினேன். ஏழாவது கேள்விக்குப் பட்டும் படாமலும் ஒரு வரி.

திரும்பும்போது மார்க்கெட்டில் முருங்கைக்காய் நன்றாக இருந்தது. வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

துணி ஊறவைத்தேன். துவைத்தேன். காயப்போட்டேன். மகள் மதி பரீட்சைக்குப் படித்தாள். இவர் உப்பு லாரியோடு நேற்றே கிளம்பிப் போனவர், இன்னும் வரவில்லை. பகல் முழுக்க யாரோ பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

கேன்டீனில் பேச்சு அதுதான். பார்க்காமல் எழுதினவருக்கு வேலை போகும். அதோடு போகாது. இந்த வெளிநாட்டுக்காரர்களுக்குச் சரக்கு கொடுக்கிற கம்பெனிகள் ஊரில் இன்னும் நாலைந்து இருக்கின்றன. அங்கெல்லாம் பெயரை அனுப்பிவிடுவார்களாம். எனக்கு நாற்பத்தொன்று. பதினான்கு வருஷம் கணவாயும் இறாலும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. மதி பிளஸ் ஒன்.

நான் என்ன எழுதினேன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். 'ஐ டவுட் ஜெனோவா ஹேஸ் ரிட்டன் வித்தவுட் சீயிங்.' ஜெனோவா பார்க்காமல் எழுதியிருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவ்வளவுதான். அவள் செய்தாள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சஸ்பெக்ட் என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. டவுட் மெதுவான வார்த்தை. பாடத்தில் டவுட் வருகிறது, சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று டவுட் வருகிறது. யாரையும் புண்படுத்தாத வார்த்தை என்று பார்த்துத்தான் போட்டேன்.

ஜெனோவா இன்று எனக்கும் சேர்த்து நான்கு தடவை உள்ளே போனாள். திரும்பி வரும்போது புருவத்தில் வெள்ளையாகப் பனி. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

சாயங்காலம் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். மதி அடுக்களை வாசலில் உட்கார்ந்து இங்கிலீஷ் கிராமர் எழுதிக்கொண்டிருந்தாள். கோடிட்ட இடத்தை நிரப்புக.

"எம்மா, 'ஐ டாஷ் ஹி ஸ்டோல் த பர்ஸ்.' அவன்தான் திருடியிருப்பான்னு வரணும். டவுட்டா சஸ்பெக்ட்டா?"

"எது போட்டாலும் ஒண்ணுதான். டவுட்டுன்னு போடு, மரியாதையா இருக்கும்."

"ஒண்ணு இல்லம்மா. மிஸ் இதத்தான் ஒரு பீரியட் ஃபுல்லா சொன்னாங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் இதத் தப்பாத்தான் சொல்லுவாங்களாம். ஐ சஸ்பெக்ட்னா அவன்தான் எடுத்துருப்பான்னு அர்த்தம். ஐ டவுட் ஹி ஸ்டோல்னா அவன் எடுத்துருப்பான்னு நான் நம்பலன்னு அர்த்தம். நேர் எதிர்."

கரண்டி மாவுக்குள் விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன். சொன்னாள். அவள் நோட்டை வாங்கி ஐந்து உதாரணத்தையும் படித்தேன். எல்லாம் அதையேதான் சொல்லின.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டேன். ஜெனோவா செய்திருக்க மாட்டாள் என்றல்லவா நான் எழுதியிருக்கிறேன். என்னை அறியாமல் நல்லது எழுதியிருக்கிறேன். பாவமும் இல்லை, பழியும் இல்லை.

இரண்டு தோசை ஊற்றி முடிப்பதற்குள் அடுத்த பாதி உறைத்தது. அங்கே இருந்ததே இரண்டு பேர். அவள் செய்யவில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது தோசை கருகியது.

ஜூலை 18, வெள்ளி

மதியின் டிக்‌ஷனரியில் பார்த்தேன். ஆபீஸ் டிக்‌ஷனரியில் பார்த்தேன். போனில் பார்த்தேன். மூன்றிலும் மிஸ் சொன்னதுதான்.

'நோ டவுட்' என்பதற்கும் பார்த்தேன். 'ஐயமின்றி, நிச்சயமாக' என்று போட்டிருந்தது. உங்கள் கூட்டாளிமேல் சந்தேகம் உண்டா என்று கேட்ட இடத்தில் ஜெனோவா எழுதியிருப்பது: நிச்சயமாக.

அதைச் சொல்லிக் கொடுத்தது நான்.

ஜூலை 19, சனி

ஜெனோவா மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் தூக்குச்சட்டி நிறையச் சீலா மீன் குழம்பு. வாசலைத் தாண்டுவதற்குள் கண் கலங்கிவிட்டது.

"யக்கா, என்னய மன்னிச்சிருங்க."

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சாருக்கு மெயில் வந்திருக்கிறதாம். ஒருவர் தன் கூட்டாளி இதைச் செய்திருப்பார் என்று நம்பவில்லை என எழுதியிருக்கிறார், அந்தக் கூட்டாளியோ சந்தேகமில்லாமல் இவர்தான் என்று எழுதியிருக்கிறார் என்று அதில் இருக்கிறதாம். சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கனி உன்னைப் பற்றி எவ்வளவு பெருந்தன்மையாக எழுதியிருக்கிறது, நீ என்னம்மா இப்படிப் பண்ணிட்ட என்று கேட்டிருக்கிறார்.

"நான் அப்பிடி எழுதலக்கா. மாதா சத்தியமா எழுதல. நீங்க சொல்லிக்குடுத்த நோ டவுட்டத்தான் போட்டேன். எங்கயோ எழுத்துப்பிழை விட்டுட்டேன் போல. நீங்க எனக்காக நல்லது எழுதியிருக்கிய. நான் ஒங்க கழுத்த அறுத்துட்டேனே."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன்.

"பரவாயில்லடி. அழாத" என்றேன். அதுதான் வந்தது.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாவு பிசைந்து பிசைந்து உலர்ந்த என் கை. எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. சார்கிட்டச் சொல்லி எல்லாத்தையும் சரிபண்ணுகிறேன், நீங்கள் தைரியமாக இருங்கள் என்று எனக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

குழம்பை மதி ருசித்துச் சாப்பிட்டாள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். சட்டியைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று எனக்குக் கடிதம். ஜெனோவாவுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அந்த வெளிநாட்டு மேடம் வீடியோவில் வருவார்களாம். சார் கடிதத்தை என் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

லாக்கரைக் காலி செய்தேன். சொட்டு மருந்து, பஞ்சு, ஒரு ஹேர்பின்.

ஜூலை 22, செவ்வாய்

வீட்டில் பகலில் இருந்து பழக்கமில்லை. பரண் துடைத்தேன். மிளகாய் காயப்போட்டேன். காய்ந்த மிளகாயை எடுத்து மறுபடியும் காயப்போட்டேன்.

மூன்று வழி இருக்கிறது.

ஒன்று. நான் நல்ல இங்கிலீஷ்தான் எழுதினேன், ஜெனோவா செய்யவில்லை என்பதுதான் அர்த்தம் என்று சொல்லலாம். ஜெனோவா ஆயுசுக்கும் என்னைத் தலையில் வைத்துக்கொள்வாள். வேலை போகும்.

இரண்டு. அது எங்கள் ஊர் இங்கிலீஷ், டவுட் என்றால் எங்களுக்குச் சந்தேகம்தான் என்று சொல்லலாம். அப்போது என் பக்கம் திரும்பியிருக்கிற கை அவள் பக்கம் திரும்பும். அவள் நோ டவுட் என்று எழுதியதும் எனக்குச் சாதகமாக மாறிவிடும். என்மேல் யாரும் சந்தேகப்படவில்லை, அவள்மேல் ஒருத்தர் சந்தேகப்படுகிறார். ஒரே வார்த்தை. ஆனால் அதை அவளை எதிரே வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

மூன்றாவதை எழுதவில்லை.

மதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஏன்மா லீவு என்று கேட்டாள். காதுவலி என்றேன். இன்று வலிக்கவே இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஜூன் 11ஆம் தேதி நான் எதுவும் எழுதவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். பொய். ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஜூலை ஒன்பதாம் தேதி சாயங்காலம் அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். யார் வந்து என் நோட்டைப் படிக்கப் போகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

கிழித்ததில் இருந்தது இதுதான். காலை பத்து மணிக்கு உள்ளே போனேன். மைனஸ் இருபது. வெளியே வரும்போது காதைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டேன், கண் இருட்டியது. ஜெனோவா பன்னிரண்டு மணிக்கு லோடிங்குக்குக் கீழே போனாள். போகும்போது, ரீடிங் நேரத்துக்கு நான் மேலே ஏறி வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கு அவளிடம் எப்போதும் கடன்பட்ட மாதிரி இருப்பது பிடிக்கவில்லை. அவள் படியிறங்கினதும் மிச்சம் மூன்று கட்டத்திலும் மைனஸ் இருபது என்று எழுதினேன். பதினான்கு வருஷமாக எப்போது பார்த்தாலும் மைனஸ் இருபதுதானே. அன்று மட்டும் மாறும் என்று யார் கண்டது. அதற்குப் பிறகு வெளி அறையில் காதில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்கு அவள் வியர்வையோடு மேலே வந்தாள். "பாத்தியளாக்கா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

இதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏழாவது கேள்வியைப் படித்தபோதும் ஞாபகம் இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

சார் அறையில் நாங்கள் மூன்று பேர். மேஜைமேல் லேப்டாப். அதில் அந்த மேடம், நரைத்த முடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கோபமே இல்லாத முகம். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சார் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

மேடம் என்னிடம் முதல் கேள்வி கேட்பதற்குள் ஜெனோவா எழுந்துவிட்டாள். அவள் இத்தனை பேச்சுப் பேசி அந்த அறை கேட்டதில்லை.

"சார், நான் மொதல்ல ஒண்ணு சொல்லணும். அந்த மேடத்துக்கிட்ட சொல்லுங்க. நான் எழுதினத அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க. நானும் விசாரிச்சேன். அவங்க ஊர்ல நோ டவுட்டுன்னா நிச்சயமான்னு அர்த்தமாம். எங்க ஊர்ல அப்பிடி இல்ல சார். எங்களுக்கு டவுட்டுன்னா சந்தேகம். நோ டவுட்டுன்னா சந்தேகம் இல்ல. எனக்குக் கனிக்கா மேல சந்தேகம் இல்லன்னுதான் எழுதுனேன். அவங்களுக்குக் காது சீழ் பிடிச்சிருக்கு சார். அன்னைக்கும் வலி. நான்தான் மேல ஏறி வந்து பாத்திருக்கணும். தப்புன்னா அது என்மேலயும் உண்டு."

சார் சிரித்துவிட்டார். நாம எல்லாரும் அப்படித்தானம்மா பேசுறோம் என்று சொல்லி, மேடத்துக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். மேடம் கவனமாகக் கேட்டு ஏதோ எழுதிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு காகிதத்தை எடுத்தார். மெதுவாகத்தான் பேசினார், சார் மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் ஊரில் டவுட் என்றால் சந்தேகம் என்றால், முத்துக்கனி எழுதியதை நான் எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்டார். அந்த வரியை வாசித்தும் காட்டினார். ஐ டவுட் ஜெனோவா.

சாரின் சிரிப்பு நின்றது. ஜெனோவா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, அந்த வரியை அவள் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

சார் நல்லவர். எனக்கு ஒரு வழி விட்டார். "கனி மேடம் டிகிரி படிச்சவுக. அவுகளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். அவுக சரியான அர்த்தத்துலதான எழுதியிருப்பாவ, இல்லம்மா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். முதல் வழி. நான் ஜெனோவாவைப் பார்த்தேன். அவளும் நான் தலையாட்டுவதற்காகத்தான் காத்திருந்தாள். தலையாட்டியிருந்தால் நம்பியிருப்பாள்.

"இல்ல சார்" என்றேன். "சந்தேகம்ங்கிற அர்த்தத்துலதான் எழுதுனேன். ஆனா எனக்குச் சந்தேகமே கிடையாது சார். பாக்காம எழுதுனது நான்தான்."

சார் உடனே மொழிபெயர்க்கவில்லை. மேடம் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார். நானே சொல்லியிருக்கலாம், என் இங்கிலீஷ் அதற்குப் போதும். ஆனால் எனக்கு எந்த வார்த்தைமேலும் நம்பிக்கை இல்லை.

ஜெனோவா உட்கார்ந்துவிட்டாள். மேஜையில் இருந்த தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேலையிலிருந்து நிற்கிறேன் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைத் தமிழில் எழுதினேன்.

ஜூலை 26, சனி

மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிராமர் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவரிடம் போனில் சொன்னேன். வந்து பேசிக்கலாம் என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து சேலை மாற்றாமல் அப்படியே ஜெனோவா வந்தாள். உள்ளே வரச் சொன்னேன்.

"வரல. சட்டிய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜன்னலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெறும் சட்டியாகக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் சீனி போட்டிருந்தேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

"ஒரு டவுட்டுக்கா."

எத்தனை ஆயிரம் தடவை இப்படிக் கேட்டிருப்பாள். ஃபாரத்தில் எந்தக் கட்டம், பெயருக்கு முன்னால் என்ன போட வேண்டும், இந்த இங்கிலீஷுக்கு என்ன அர்த்தம்.

"கேளு" என்றேன்.

"நான் வந்து கதவத் தட்டி, சந்தேகம் இல்லங்கிறத எப்பிடி எழுதணும்னு ஒங்ககிட்ட கேட்டம்லா. அப்பம் நீங்க என்னயப் பத்தி ஏற்கெனவே எழுதி முடிச்சிட்டியளா? இல்ல, நான் கேட்டுட்டுப் போன பொறவுதான் எழுதுனியளா?"

முடிச்சிட்டேன் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் பயத்தில் அவசரப்பட்டுச் செய்தது என்று ஆகியிருக்கும், அவளும் ஒருநாள் அதை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவள் கேட்டதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

"பொறவுதான்" என்றேன்.

தலையை ஆட்டினாள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை வேகமில்லாமல் நடந்து போனாள்.